தெற்குக் காற்றுக்கு ஒரு ஜாக்கெட்

கடல் கடந்து வெலிங்டனுக்கு வந்த முதல் வாரம். நான் வேலை பார்க்கும் வயோதிகர் வார்டில், "நாளைக்கு சதர்லி" என்று மார்கரெட் சொன்னாள். மார்கரெட் எங்கள் வார்டின் பொறுப்பு நர்ஸ். என் அம்மாவைவிட மூத்தவள். ஆனாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே உத்தரவு போட்டிருந்தாள். சதர்லி என்றால் தெற்கிலிருந்து வரும் காற்று என்பது எனக்குப் புரிந்தது. வந்த நாளாக வடக்குக் காற்றில் அலைக்கழிந்து கிடந்த எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மறுநாள் காலை கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டு, ஒரு பருத்திச் சுடிதாரோடு வேலைக்குக் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் நின்ற பத்து நிமிடத்தில், காது இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் மூக்கு வரை மூடியிருந்தார்கள். ஒரு கிழவர் என்னைப் பார்த்து, "ரொம்பத் தைரியம்" என்றார். புகழ்கிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன். இந்த ஊருக்குத் தெற்கே போனால் பனிக்கட்டிக் கண்டம்தான் என்று திருவொற்றியூர் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர் சொல்லித்தான் தந்தார். பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். என்னைப் போல் எங்கெங்கோ போய் விழுந்தவர்களுக்குச் சிரிப்பு வராது. நான் எண்ணூரில் ஒரு மீனவக் குப்பத்துக்காரி. எங்கள் பக்கத்தில் வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது. மழையும் புயலும் அதன் முதுகில் ஏறித்தான் வரும். வாடை ஏறினால் படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு வலை பின்ன உட்கார்ந்துவிடுவார்கள். தென்றல் நல்லவன். கோடையில் மதியம் வரைக்கும் மேற்கிலிருந்து அனல் அடிக்கும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் வாசல் வரை வந்து விழும். மதியத்துக்கு மேல் தெற்கே கடல் கொஞ்சம் கருக்கும், காற்று திரும்பும், குப்பமே சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு மூச்சு விடும். இந்த நம்பிக்கையோடு பிறந்து வளர்ந்த உடம்பை வைத்துக்கொண்டு பூமியின் அடிப்பக்கத்தில் வந்து குடியேறினால், பஸ் நிறுத்தத்தில் தைரியசாலிப் பட்டம்தான் கிடைக்கும்.

நான் எழுத வந்தது என் காதைப் பற்றி இல்லை, என் வீட்டுக்காரரைப் பற்றி. பெயர் தேசிங்கு. அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் மகன். விவரம் தெரிந்த நாளிலிருந்து மாமா என்றே கூப்பிட்டுப் பழக்கம். ஃபைபர் படகில் மீன் பிடிக்கிறார். நான் ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, பிறகு இந்த வேலை கிடைத்து வந்தேன். கழிமுகத்தில் அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீர் கலக்க ஆரம்பித்த பிறகு இறால் போய்விட்டது, மற்ற மீன்களும் எட்டிப் போய்விட்டன. அதனால் நான் முதலில் போய்ச் சேர்ந்து, பிறகு அவரை அழைத்துக்கொள்வது என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். பேசியது நான், தலையாட்டியது அவர் என்றும் சொல்லலாம். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு இரண்டு வருடம் காத்திருந்தேன்.

தை பிறந்ததும் வந்தார். மூன்று மாத விசா. அதற்குள் இங்கேயே தங்குவதற்கான விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்தை வைத்து ஒட்டியிருந்தேன். என் பங்குப் பக்கங்கள் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும் காலியாக இருந்தது. தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார். கேட்டால், "குளுருது மே, கொஞ்சம் பழகட்டும்" என்பார். அது இங்கே கோடைக்காலம். குளிர்தான் காரணம் என்றால் குளிருக்கு மருந்து கடையில் கிடைக்கும் என்று எனக்குத் தெம்பாகத்தான் இருந்தது. நர்ஸ் புத்தி அப்படி. ஒரு நோய்க்குறி சொன்னால் போதும், மருந்துச் சீட்டு எழுதக் கை பரபரக்கும்.

அப்போதுதான் மார்கரெட் எங்களை ட்ராம்பிங்குக்கு அழைத்தாள். இந்த ஊர்க்காரர்கள் விடுமுறை கிடைத்தால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்காட்டில் நடக்கிறார்கள். இரவு ஹட் என்ற மரக்குடிசையில் படுத்து, மறுநாள் மறுபக்கம் இறங்கி வீட்டுக்குப் போகிறார்கள். மாமாவிடம் சொன்னேன்.

"மலைமேல இன்னா கீது? கோயிலா?"

"ஒண்ணும் இல்ல மாமா. சும்மா நடக்கறது."

"சாமியும் இல்ல, மீனும் இல்ல. இன்னாத்துக்கு ஏறணும்?"

ஆனாலும் வருகிறேன் என்றார். எனக்காகத்தான். மார்கரெட் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தாள். பருத்தித் துணி கூடவே கூடாது, நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸ் கூடாது. முக்கியமாக, கம்பளி மாதிரிப் பொசுபொசுவென்று இருக்கும் ஃப்ளீஸ் துணியில் ஒரு ஜாக்கெட் வேண்டும், காற்றைத் தடுப்பதாக, பல வருடம் உழைப்பதாக. இந்தக் கடைசி வரியை இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டிருந்தாள். பல வருடம் என்ற வார்த்தையைப் படித்து நான் சந்தோஷப்பட்டேன். பல வருடம் உழைக்கும் ஜாக்கெட்டை வாங்குகிறவன் ஊருக்குத் திரும்பிப் போகமாட்டான் என்று யாரோ எனக்கு வாக்குக் கொடுத்தது போல.

நடைப்பயணச் சாமான்கள் விற்கும் கடையில் ஒரு சுவர் முழுவதும் ஃப்ளீஸ் தொங்கியது. தாடி வைத்த விற்பனையாளர் பொறுமையாக விளக்கினார். மெல்லியது உள்ளே போட, தடித்தது மேலே போட. சாதாரண ஃப்ளீஸ் சூடு தரும், ஆனால் காற்றடித்தால் சல்லடை. காற்றுத் தாங்கும் ரகத்தில் இரண்டு துணிக்கு நடுவே ஒரு மெல்லிய ஏடு வைத்து ஒட்டியிருக்கும்; எடை கூடும், வேர்வை அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. ஆகவே கை அடியில் காற்று போக ஒரு ஜிப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்துப் பைகள் கொஞ்சம் மேலே தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டையின் இடுப்புப் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். மணிக்கட்டு இறுக்கமாகவும், கழுத்து முகவாய் வரை ஏறுவதாகவும் இருக்க வேண்டும். இதையெல்லாம் நான் தமிழில் சொல்லச் சொல்ல மாமா கேட்டுக்கொண்டே வந்தார். பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி இந்தத் துணியைச் செய்கிறார்கள் என்றதும் மட்டும் நின்றுவிட்டார்.

"கொடுங்கையூர் குப்பமேட்டுல பொறுக்கறாங்களே, அந்த பாட்டிலா? அத்தயா இந்த வெலைக்கு விக்கிறான்?"

பிறகு அவர் செய்தது எனக்கு மட்டும் புரிந்தது. முதல் ஜாக்கெட்டின் நெஞ்சுப் பகுதியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, வாயில் அழுத்தி வைத்து, கன்னம் உப்ப ஊதினார். ஊதிக்கொண்டே மறுபக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் பாய்த்துணி வாங்கப் போனால் அப்படித்தான் பார்ப்பார்கள். காற்று மறுபக்கம் வந்தால் துணி பாய்க்கு ஆகாது. அவர் அப்பா கட்டுமரத்துக்குப் பாய் வாங்கும்போது சின்னப் பிள்ளையாகக் கூடப் போய்ப் பார்த்து அவர் கற்றது. இப்போது ஃபைபர் படகுக்குப் பாயும் இல்லை, ஊதுவதும் இல்லை. விற்பனையாளர் பதறிப்போய், உங்கள் கணவருக்கு மூச்சுத் திணறலா, உட்கார நாற்காலி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். நான் விளக்கியதும் அவரும் ஒன்றை எடுத்து ஊதிப் பார்த்தார். பிறகு இருவருமாக ஒவ்வொன்றாக ஊதினார்கள். மாமா ஆறு ஜாக்கெட்டைத் தள்ளினார். இது ஓட்டை, இது தையலில் கசியுது, இது துணி நல்லா கீது ஆனா ஜிப் ஓரமா காத்து பூருது. ஏழாவதைத் தோளில் தடவிப் பார்த்தார். தோள்மேட்டில் தையல் இல்லை, தையலைப் பின்பக்கம் தள்ளித் தைத்திருந்தார்கள்.

"இது வேலை தெரிஞ்சவன் தச்சது. எஞ்சின் தூக்கற தோளுக்கு இப்படித்தான் இருக்கணும்" என்றார். விற்பனையாளர் எந்த ஊர்க் காற்றுக்கும் இது தாங்கும் என்றதைச் சொன்னேன். "எல்லாக் காத்துக்கும் ஒரே துணியா? ஸும்மா வுடறான்" என்று சிரித்தார். வந்ததிலிருந்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான். தனக்குத் தெரிந்த ஒன்றை இந்த ஊரில் ஒருவன் கேட்டுக்கொண்டான் என்ற சந்தோஷம். கரும்பச்சை நிறம், பித்தான் இல்லாமல் முகவாய் வரை ஜிப். அதே ரகத்தில் எனக்கும் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டு, விண்ணப்பத்தைப் பார்த்தேன். கையெழுத்து வந்துவிடும் என்று முழுசாக நம்பினேன்.

டராருவா மலைக்கு மார்கரெட்டும் அவள் கணவர் பீட்டரும் நாங்கள் இருவருமாகப் போனோம். முதல் நாள் ஏற்றம். காடு முழுக்கப் பாசி, ஈரம், சத்தமே இல்லை. மாமா மூட்டையை எளிதாகச் சுமந்தார். எனக்குத்தான் நாக்கு தள்ளியது. குடிசையில் பீட்டர் ஏதோ பொட்டலத்தில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார், மாமா அதை மரியாதைக்காகத் தின்றார். மறுநாள் காலையில் மரமில்லாத ஒரு முகட்டின் மேல் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது. கிளம்பும்போதே மாமா திசைகளைக் கேட்டு வைத்துக்கொண்டார். சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிற ஊரில் அவருக்குத் திசை தானாகப் பிடிபடவில்லை. அவர் வந்த மூன்று வாரமும் வடக்குக் காற்றே அடித்துக்கொண்டிருந்தது. அன்றும் அதுதான், ஆளைத் தள்ளுகிற வேகத்தில்.

முகட்டில் பாதி வந்திருப்போம். காற்று சட்டென்று விழுந்தது. மாமா நின்றார். முகத்தைக் கொஞ்சம் தூக்கி, கண்ணைப் பாதி மூடி, உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார். எனக்கு இந்த நிற்பு தெரியும். எங்கள் குப்பத்தில் விடியற்காலை இந்த நிற்பைப் பார்த்துவிட்டுத்தான் பத்துப் படகாவது கடலில் இறங்கும். தேசிங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அவர்களும் போவார்கள்.

"காத்து திரும்புது மே. தெக்கால இருந்து வருது. இனிமே ஒண்ணியும் பேஜார் இல்ல. அவங்ககிட்ட சொல்லு, மெதுவா ஒக்காந்து போலாம்."

நான் சொன்னேன். அப்படியே, அவர் நம்பிக்கையோடு சேர்த்து ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு குளிர்காலம் இங்கே கழித்தவள், பஸ் நிறுத்தத்தில் காதைத் தொட்டுப் பார்த்தவள், ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், அவ்வளவுதான். அந்த முகம் தெற்கு என்றால் எனக்கு எண்ணூர்த் தெற்குதான். பீட்டர் திரும்பித் தெற்கே பார்த்தார். அங்கே வானத்தின் அடியில் ஒரு கறுப்புக் கோடு. "வானிலை அறிக்கையில் மதியத்துக்கு மேல் என்றார்கள், இப்போதே வருகிறது. ஓட வேண்டும்" என்றார். மாமா அதற்குள் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். மார்கரெட் போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் என்னைப் பார்த்தார். "போட்டுக்க மாமா, சீக்கிரம் போட்டுக்க" என்று நான் கத்தினேன்.

அடுத்த அரை மணி நேரத்தை விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. ஆலங்கட்டி பக்கவாட்டில் வந்தது. சில இடங்களில் கையை ஊன்றித் தவழ்ந்தோம். மரங்களுக்குள் இறங்கியதும் மார்கரெட் முதல் வேலையாக மாமாவின் கழுத்துப் பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். வார்டில் கிழவர்களுக்குப் பார்ப்பது போலவே. சூடாக இருந்தார். ஜாக்கெட் சொன்னதைச் செய்திருந்தது, ஒரு மூச்சுக் காற்றுகூட உள்ளே போகவில்லை. "நல்ல ஜாக்கெட்" என்று அவருக்குப் புரியட்டும் என்று உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பீட்டர் என் பக்கம் திரும்பி, "உன் கணவர் கில்லாடி. காற்று திரும்பியதை எங்களுக்கு முன்னாலேயே பிடித்துவிட்டார். என்ன, அதைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார்" என்று சிரித்தார். நல்ல மனிதர், வேடிக்கையாகத்தான் சொன்னார்.

"இன்னா சொல்றாரு?" என்று மாமா கேட்டார்.

"ஜாக்கெட் நல்லா கீதாம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யைக் கண்டுபிடிக்க மொழி தெரிய வேண்டியதில்லை. முன்னாலேயே சொல்லியிருக்கலாம், இந்த ஊரில் தென்காற்றுதான் எமன் என்று. மூன்று வாரம் ஒரே வீட்டில் இருந்து சோறாக்கிப் போட்டேன், வார்டுக் கதை எல்லாம் சொன்னேன், இதைச் சொல்லத் தோன்றவில்லை. என் காதில் பட்டு நான் கற்றுக்கொண்டதை அவரும் எப்படியோ கற்றிருப்பார் என்று விட்டுவிட்டேன். அதற்காக இன்றுவரை என்னையே நான் திட்டிக்கொள்கிறேன்.

அதன் பிறகு அவர் குளிருகிறது என்று சொல்லவே இல்லை. ஜன்னல் அருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, துறைமுகத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் இருந்து பேசினார்.

"குளுரு ஒரு மேட்டரே இல்ல தேவகி. நீ வாங்கிக் குடுத்தது நல்ல துணி. ஆனா இங்க காத்து தலகீயா வருது. சூரியன் தலகீயா போவுது. அங்க நான் காத்த பாத்து சொன்னா பத்து பேரு கேப்பான். இங்க என்னை நம்பி நீ வாய தொறந்த, நாலு பேரும் செத்திருப்போம். குருடனா எத்தினி நாளு குந்திக்கினு இருக்கறது?"

"கத்துக்கலாம் மாமா. நான் கத்துக்கலயா?"

"நீ கத்துக்கின" என்றார். அதில் குற்றம் எதுவும் இல்லை, பார்த்ததைச் சொன்ன மாதிரிதான் இருந்தது. நான் குழம்பில் புளியைக் கரைத்து ஊற்றினேன். அவ்வளவு அழுகை வந்தது எனக்கு.

மூன்று மாதம் முடிவதற்குள், ஐந்தாவது வாரத்திலேயே கிளம்பிவிட்டார். விமானத்தில் குளிரும் என்று ஜாக்கெட்டைப் போட்டு அனுப்பினேன். மீனம்பாக்கத்தில் இறங்கி திருவொற்றியூர் டோல்கேட் வரைக்கும் அதைக் கழற்றாமலே வந்தார் என்றும், பஸ்ஸில் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள் என்றும் அவர் தங்கச்சி போனில் சொன்னாள். விண்ணப்பம் ஃபிரிட்ஜ் கதவிலேயே இருந்தது. அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வருடம் கழித்து வைகாசியில் ஆறு வார லீவில் ஊருக்குப் போனேன். போய்ச் சேர்ந்த அன்றே மாமா சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார். "வந்துடறியா? ராயபுரத்துல கேட்டா திரும்ப வேலைக்கு எடுத்துக்குவாங்க." சத்தியமாகச் சொல்கிறேன், வரலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என் பேச்சு மாறவில்லை, நடை மாறவில்லை என்றார்கள். கருவாட்டுக் குழம்பை மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டேன். நாலாம் நாள் சாயங்காலம் பதில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, அவரைத் தேடிக் கரைக்குப் போனேன்.

படகு மணலில் ஏறி நின்றது. எஞ்சினைக் கழற்றி ஒரு முக்காலிக் கட்டையில் மாட்டி வைத்திருந்தார்கள். அதன் தலையில் நான் வாங்கிக் கொடுத்த கரும்பச்சை ஜாக்கெட். முகவாய் வரை ஜிப்பை இழுத்து, இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட்டு, ஒரு குழந்தைக்கு உடுத்துவது போல உடுத்தியிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். மாமா வலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"உப்புக்காத்து உள்ள போவல மே. ஒரு வருஷமா துரு இல்ல. சொன்னேனே, வேலை தெரிஞ்சவன் தச்சதுன்னு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு மதியம் தாண்டியும் அனல் அடித்துக்கொண்டிருந்தது. சாம்பல் படிந்த குழாய்களுக்கு அந்தப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பதிலை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தெற்கே கடல் கருத்தது, காற்று திரும்பியது. தென்றல். கரையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அப்பாடா என்றார்கள். மாமா சட்டையை நெஞ்சு வரை திறந்துவிட்டுக்கொண்டார். நானும் காற்றுக்கு முகத்தைக் காட்டினேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் தோள் இரண்டும் காதுக்கு ஏறியிருந்தன, என் கை தொண்டைக்குக் கீழே ஜிப்பைத் தேடிக்கொண்டிருந்தது. நான் அன்று கட்டியிருந்தது நூல் சேலை.

மாமா அந்தக் கையைப் பார்த்தார். பத்துப் படகுக்குக் காற்றைப் பார்த்துச் சொல்கிறவர். நான் கையை இறக்கிக்கொள்வதற்குள் அவர் எழுந்து போய்விட்டார். எஞ்சினின் பின்னால் முடிச்சை அவிழ்த்தார், ஜிப்பை இறக்கினார், ஜாக்கெட்டை இரண்டு முறை மணலில் உதறினார். மண்ணெண்ணெயும் மீனும் கலந்த நாற்றம் அடித்தது. அதைக் கொண்டுவந்து என் தோளில் போட்டு, முகவாய் வரை அவரே ஜிப்பை இழுத்துவிட்டார்.

"எப்ப கெளம்பற?" என்று கேட்டார்.